இரண்டாம் மூடி

என் அறைத்தோழிக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்தவள் நான்தான். நான் தையல் கடையில் வேலை பார்க்கிறேன். அவளுக்கு வீடுகளில் இருக்கும் நோயாளிகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலை. கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறிவிடுவாள். வேலை கொடுத்தவர்கள் போனில் கூப்பிட்டால் எழுந்து நின்றுதான் பேசுவாள்.

அரபி பேசும் வீட்டில் வேலை கிடைத்ததும் பயம் இரட்டிப்பானது. "நேரத்துக்கு மாத்திரை கொடுக்கணும்க்கா. இப்பன்னு சொல்றாங்களா அப்புறம்னு சொல்றாங்களான்னு புரியலைன்னா நான் என்ன பண்ணுவேன்?" அதனால் நேரத்தைச் சொல்லும் வார்த்தைகளை முதலில் எடுத்துக்கொண்டாள். சட்டைப் பெட்டி அட்டைகளை நறுக்கிக் கொடுத்தேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் அரபி, அதுவும் தமிழ் எழுத்தில். அம்ஸ் என்றால் நேற்று. அல்யோம், இன்று. புக்ரா, நாளை. அல்ஹீன், இப்போது. பல் தேய்க்கும்போதும் வாய் நுரையோடு சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கே மனப்பாடமாகி, ஒரு வாடிக்கையாளரிடம் "புக்ரா வாங்க" என்று உளறித் தொலைத்தேன்.

கிழமைகள் வந்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பியது. அரபியில் முக்கால்வாசிக் கிழமைகள் எண்கள்தான், ஒன்றாம் நாள், இரண்டாம் நாள் என்று. ஏழு மூடி வைத்த மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். பழைய இஞ்ச் டேப்பிலிருந்து ஒன்று முதல் ஏழு வரை வெட்டி மூடிகளில் ஒட்டினேன். ஒன்றைத் திங்கட்கிழமைக்குக் கொடுத்தேன். நான் கடை திறக்கும் நாளில்தானே வாரம் ஆரம்பிக்கும்? யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

அவள் பார்த்துக்கொண்டது அந்த வீட்டு மேடத்தின் அம்மாவை. பெரியம்மா என்பாள். பெரியம்மாவுக்கு ஞாபகம் தடுமாறும். சாப்பிட்டீர்களா என்றாலும் "அம்ஸ்", எப்போதோ இறந்துபோன கணவர் வந்து போனதும் "அம்ஸ்". மூட்டு வீக்கத்துக்கு டாக்டர் புது மாத்திரை எழுதினார். வாரத்துக்கு ஒன்றே ஒன்று, கூடினால் உயிருக்கு ஆபத்து. இரண்டாம் நாள் என்று மேடம் இரண்டு விரலைக் காட்டினார். இவள் மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து இரண்டாம் மூடிக்குள் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த மூடியைத் திறந்தாள். பெரியம்மா தலையை ஆட்டி "அம்ஸ்" என்றார். வழக்கமான பேச்சுதானே என்று இவள் கெஞ்சிக் கொஞ்சி விழுங்க வைத்தாள். அட்டையை எடுத்து வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. பத்தில் ஒன்பது இருக்க வேண்டும், எட்டுதான் இருந்தது.

அவர்கள் வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறது. இரண்டாம் நாள் என்றால் திங்கள். முதல் மாத்திரை ஆயிற்றே என்று, நேற்று இவள் வருவதற்கு முன்பே மேடம் தன் கையால் கொடுத்திருக்கிறார்.

எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். "ரெண்டு மாத்திரை உள்ள போயிடுச்சுக்கா" என்றாள். விஷயம் புரிந்ததும் எனக்கு என் பயம்தான் முந்தியது. டேப்பை ஒட்டியவள் நான் அல்லவா. "அட்டையைக் குப்பையில போடு. அவங்களுக்குத்தான் ஞாபகமே இல்லையே. வாயைத் திறக்காதே" என்றேன். சொன்னதை மறைக்கப் போவதில்லை.

"செத்துருவாங்கக்கா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மேடத்தைக் கூப்பிட்டு, தெரிந்த நாலு வார்த்தையில் சொல்லிவிட்டாள். "அம்ஸ் ஒண்ணு. அல்யோம் ஒண்ணு. அல்ஹீன் வாங்க, மேடம், அல்ஹீன்." ஒண்ணு என்பதற்கு அரபி அந்த நேரத்தில் நாக்கில் வரவில்லையாம்.

நான் மருத்துவமனைக்கு ஓடியபோது நடைபாதை நாற்காலியில் பெரியம்மாவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை மணிக்குக் கொடுத்தாய் என்று டாக்டர் கேட்டபோது ஒன்பது விரலைக் காட்டியிருக்கிறாள். மாற்று மருந்து ஏற்றினார்கள், இரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மேடம் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. வேகமாக ஏதேதோ சொன்னார். இவளுக்குப் பிடிபட்டவை இரண்டே வார்த்தைகள். புக்ரா, தமானியா. நாளை, எட்டு.

"வேலைக்கா வரச் சொல்றாங்க, இல்ல போலீஸைக் கூப்பிடவா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? 

மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசல்வரை கொண்டுவிட்டேன். கதவைத் திறந்த மேடம் பெட்டியை அவள் கையில் கொடுத்தார். என் டேப் துண்டுகளைக் காணோம். புதிதாக எண்கள், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. பெரியம்மாவை இரவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், உள்ளே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம்.

சர்க்கரை மாத்திரையை நீட்டினாளாம். பெரியம்மா "அம்ஸ்" என்றாராம். இவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மருந்துச் சீட்டைப் பார்த்து, அட்டையை எண்ணி, அப்புறமும் மேடத்திடம் போய்க் கேட்டிருக்கிறாள். அது வெறும் தடுமாற்றம்தான்.

"அந்த வார்த்தை எனக்கு முதல்லயே நல்லாத் தெரியும்க்கா" என்றாள் அன்று சாயங்காலம். "அவங்க சொன்னா நம்பணும்னுதான் தெரியல."