ஓம் என்றால் ஓம்தான்

திருகோணமலையில் ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் கந்தோரில் வேலை செய்கிறேன். பக்கத்துக் கரையோர ஊர்களான சல்லி, நிலாவெளிப் படகுக்காரர்களின் வாட்ஸ்அப்பையும், எங்கள் ஓடர் அட்டவணையையும், லொறிச் சாரதியின் ஃபோனையும் நானே ஒன்றோடொன்று இணைத்தேன். கோடிங் ஒரு வரிகூடத் தெரியாது. திரையில் பெட்டிகளை இழுத்துக் கோடு போட்டுத் தொடுத்தேன், அவ்வளவுதான். பின்னேரமானால் "நாளைக்கு ஐஸ் வேண்டுமா?" என்ற செய்தி தானாகவே போகும். "ஆம்" என்று பதில் வந்தால் அது ஓடராகி லொறிக்குப் போய்விடும்.

முதல் நாள் ஓடர் ஒன்றுகூடப் பதியவில்லை. விடிந்தும் லொறி வாசலிலேயே நின்றது. சல்லியில் படகு வைத்திருக்கும் ஒருவர் ஃபோனில் கத்தினார்.

"பிள்ளை, நான் ஓம் எண்டு போட்டனான்தானே! ஐஸ் எங்க?"

பார்த்தால், எல்லோருமே எங்கள் ஊர்ப் பேச்சுப்படி "ஓம்" என்றுதான் எழுதியிருந்தார்கள்; மெஷினுக்குத் தெரிந்ததோ "ஆம்" மட்டும்.

மென்பொருளை விற்ற கொழும்புக்காரரிடம் கேட்டேன். "அவங்களை ஆம் எண்டு எழுதச் சொல்லுங்க" என்றார் சாவகாசமாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மெஷினுக்காக எங்கட சனம் கதையை மாத்த ஏலாது. மெஷின் பழகட்டும்" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

திரையில் "ஆம்" என்றிருந்த பெட்டியைத் திறந்து ஓம், ஓமோம், ஓம் பிள்ளை என்று எல்லாவற்றையும் சேர்த்தேன். அடங்காத கோபத்தில், மெஷின் அனுப்பும் பதிலையும் மாற்றினேன்: "ஓம், ஐஸ் வருது."

மறுநாள் லொறி நிறைந்து போனது. சல்லிக்காரர் மறுபடி ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை, மறுமொழி போட்டது நீங்களோ, மெஷினோ?"

"மெஷின்தான்."

"அப்ப அதுவும் எங்கட ஊர்தான்."