அப்பாவிடம் தமிழில் பேசிய மகள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க நான் வாயே திறக்கவில்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் நடந்தது. நடந்ததால் ஒரு பெண்ணின் பெங்களூரு வாய்ப்பே கைநழுவப் பார்த்தது!

லாவண்யா என் கிளாஸ்மேட். தருமபுரியில் ஒரே காலேஜ், ஒரே பெஞ்ச். டிபார்ட்மென்ட் செயலாளர் வேறு. லேபில் பாதி கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் பிரின்சிபால் அறைக்குள் முதலில் நுழைவது அவள்தான். அவளுக்குப் பெங்களூருவில் ஒரு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருந்தது. திங்கள்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டிலோ, அப்பா ஏற்கெனவே ஒரு தடவை வேண்டாம் என்றுவிட்டார்.

"நீங்க வந்து பேசுங்கடி" என்றாள்.

நானும் நஸ்ரினும் கிளம்பினோம். நஸ்ரினும் எங்கள் கிளாஸ்தான், தருமபுரி துணிக்கடைக்காரர் மகள். கிண்டல் அடிக்காமல் அவளால் ஒரு பஸ் ஸ்டாப் தாண்ட முடியாது. லாவண்யாவின் ஊரான காரிமங்கலத்தில் இறங்கியதும் அவள் எங்களுக்கு ஒரு டிரெய்னிங் கொடுத்தாள். சத்தமாகச் சிரிக்கக் கூடாது. போனை எடுக்கக் கூடாது. எதிர்த்துப் பேசவே கூடாது. சேர்க்கை நல்ல சேர்க்கை என்று தெரிந்தால் அப்பா மனசு மாறும் என்பது அவள் கணக்கு.

அப்படியே செய்தோம். களியும் கீரைக் கடைசலும் வைத்தார்கள். தலை குனிந்து சாப்பிட்டேன். அப்பா கேட்டதற்கெல்லாம் "ஆமாங்கப்பா", "இல்லைங்கப்பா". நஸ்ரினுக்கு அதுகூட வரவில்லை... தலையை மட்டும் ஆட்டினாள். லாவண்யா? ஆளே மாறிவிட்டாள். அம்மா பின்னால் நின்றுகொண்டு தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். வீட்டுக்குக் கடைக்குட்டி. இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தக் கடைக்குட்டியை நான் பார்த்ததே இல்லை!

கை கழுவிவிட்டு வந்து அப்பா எங்களிடம் நிதானமாகச் சொன்னார்: "தப்பா நெனைச்சுக்காதீங்க கண்ணு. வூட்டுக்குள்ளயே மூணு பேருக்கும் வாய் வர மாட்டேங்குது. அந்த ஊர்ல பஸ்ஸ வுட்டுட்டு நின்னா இவ யாருகிட்டப் போய்க் கேப்பா? வேணாம்."

முடிந்தது. எங்கள் நடிப்புக்குக் கிடைத்த முதல் பரிசு!

அவருக்குப் பெங்களூரு ஒன்றும் புதிதில்லை. தக்காளி லோடோடு அடிக்கடி போய் வருகிறவர். ஊர் மேல் பயமில்லை. மகள் சமாளிப்பாளா என்பதில்தான் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு உட்கார்ந்து உரம் போட்டது நாங்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டுக்குள் தெலுங்கு மட்டும்தான். தமிழ் வெளி ஆட்களுக்கு — மண்டியில், பேங்கில், எங்களைப் போல வந்து போகிறவர்களிடம். பிள்ளைகள் அப்பாவிடம் தமிழ் பேசுவது என்ற வழக்கமே கிடையாது. தெலுங்கில் லாவண்யா அவரிடம் கேட்டதெல்லாம் மிட்டாயும் புதுத்துணியும்தான். அந்த மொழியில் அவளுக்கு வயசே ஏறவில்லை.

லாவண்யா அம்மாவின் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். எப்போதும் 'நைனா' என்று கூப்பிடுகிறவள்...

"அப்பா, கொஞ்சம் உக்காருங்க. நான் பேசணும்ங்க."

தமிழில். எங்கள் டிபார்ட்மென்ட் செயலாளரின் குரலில்!

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அப்பா உட்கார்ந்தார் — மண்டியில் புது வியாபாரிக்கு எதிரில் உட்காருகிற மாதிரி, நிமிர்ந்து. பிறகு அவரும் தமிழுக்கு வந்தார். "எங்க தங்குவீங்க?" என்றார். மகளுக்கு 'ங்க' போட்டதை அவரே கவனித்த மாதிரி தெரியவில்லை.

லேடீஸ் ஹாஸ்டல், அதே ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் சீனியர் அக்கா, சாயங்காலம் எப்போது வேலை முடியும், எந்த ரயிலில் திரும்பலாம்... கேட்கக் கேட்கப் பதில் வந்தது. கடைசியாக, அங்கே யாராவது தப்பாக நடந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

"யாருகிட்டச் சொல்லணும்னு இப்பத் தெரியாதுங்க. போன மொத நாளே கேட்டு வெச்சுக்குவேன். சரிப்படலைன்னா அன்னைக்கே ரயிலேறிருவேன். சர்டிபிகேட்டுக்காகப் பொறுத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

தெரியாது என்று சொன்ன அந்தப் பதில்தான் அவரை அசைத்தது என்பேன். மனைவி பக்கம் திரும்பித் தெலுங்கில் ஏதோ கேட்டார். 'இது எப்பலேர்ந்து இப்படிப் பேசுது?' என்று கேட்டாராம். 'நாமதான படிக்க அனுப்புனோம்' என்றாராம் அம்மா. லாவண்யா பிறகு சொன்னது.

அப்புறம் மகளைப் பார்த்துத் தெலுங்கிலேயே, "போயி ராம்மா" என்றார். அதற்கு எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நஸ்ரின், "எங்க வூட்லயும் என்னை ஊமைன்னுதான்டி நெனைச்சிட்டிருக்காங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் என்னைப் பற்றிப் பழைய தகவல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் ஒரு ஆள், காலேஜில் ஒரு ஆள் — மாணவர்கள் எல்லாருமே இப்படித்தான். இரண்டும் பொய் இல்லை. ஆனால் நம் பெற்றோர் பாதிப் பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு, முழுப் பிள்ளைக்கும் முடிவு எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் காட்டினால்தானே?

காலேஜில் இருக்கிற அந்த ஆளை ஒரு தடவை வீட்டுக்குக் கூட்டிப்போய் அறிமுகம் செய்து வையுங்கள். பயப்படாதீர்கள்... சொந்தக்காரர்தான்!