அறுநூறு கோணல் பல்

சலூன்காரருக்கு இந்த உலகத்தில் ஆகாத ஒன்று உண்டென்றால் அது கோணல். முப்பத்தோரு வருஷம் ஊரான் கிருதாவை இடமும் வலமும் ஒரே அளவாக இறக்கிய மனுஷன். காலண்டர் ஒரு நூல் சாய்ந்து தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. பெண்டாட்டியின் வகிடு கோணியிருந்தால் சீப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவார்.

சலூன் இருந்த கட்டடத்தை இடித்ததும் அவர் வாங்கியது ஒரு மர அறுவை மில். வண்டியில் கோத்து எங்கு வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம். இரண்டு சக்கரத்தில் பெல்ட் மாதிரி சுற்றும் நீளமான ரம்பப் பட்டை, ஒரு என்ஜின், இரண்டு தண்டவாளம். அவ்வளவுதான்.

"முடிக்குப் பதிலா மரம். ரெண்டும் வெட்டுறதுதானே?" என்றார்.

"முடி திரும்ப வளரும்டா," என்றாள் அவருடைய அக்கா.

முதல் வேலையே அக்கா வீட்டில்தான். புயலில் கொல்லைப்புறத்து மரம் சாய்ந்து பின்கட்டுக் கூரையை நொறுக்கிவிட்டது. தார்ப்பாயைக் கட்டிவிட்டு, இருந்த சாமானையெல்லாம் சமையலறையில் அடுக்கி, அடுப்புக்கும் பீரோவுக்கும் நடுவில் படுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் போன பிறகு யார் வீட்டிலும் ஒரு ராத்திரிகூடத் தங்காதவள். தம்பி வீட்டுக்கு வரச் சொன்னதற்கும் மாட்டேன் என்றுவிட்டாள்.

"எந்த மரம் என் கூரையை உடைச்சுதோ, அந்த மரத்துலதான் எனக்குக் கூரை வேணும். இருபத்துநாலு பலகை. அறுத்துக் குடு, போதும்."

ஐந்து நாளில் பெருமழை என்று ரேடியோவில் சொன்னார்கள்.

முதல் நாள் ஒன்பது பலகை வெண்ணெய் மாதிரி வந்தது. பத்தாவது பலகை பாதி போகும்போது ரம்பம் கீச்சென்று கத்தியது. நிறுத்திவிட்டு, மில் விற்றவருக்குப் போன் போட்டார்.

"மழுங்கியிருக்கும் ஐயா. கூர் தீட்டணும். அதுல ஒரு விஷயம் இருக்கு, என்னன்னா..."

"கூர் தீட்டுறதா? எனக்கா சொல்லித் தர்றீங்க?" சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார். வினையை அங்கேயே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பட்டையைக் கழற்றி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது. நூற்று எண்பது பல். ஒன்று இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அடுத்தது வலப்பக்கம், மூன்றாவதுதான் நேர். மறுபடி இடது, வலது, நேர்.

"ஐயோ, மரம் கடிச்சே எல்லாப் பல்லும் பிசகிடுச்சு!"

பெட்டியில் இருந்த நான்கு புதுப் பட்டைகளைப் பிரித்தார். அதிலும் அதே கோணல்.

"திருட்டுப் பய! அடிபட்ட சரக்கைத் தலையில கட்டிட்டானே!"

"எல்லாத்துலயும் ஒரே மாதிரியா அடிபடும்? அவரைத்தான் கேளுங்களேன்," என்றாள் பெண்டாட்டி.

"உனக்கு என்னடி தெரியும்?"

இரண்டு நாள் அக்கா வீட்டுக் கொல்லையில் இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து பட்டை, தொள்ளாயிரம் பல். அதில் அறுநூறு கோணல். ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடித்து நேராக்கினார். சின்ன கிரைண்டரில் கூர் தீட்டி, சவரக்கத்தி தீட்டும் தோல்வாரில் ஒவ்வொரு பல்லையும் இழுத்தார். கடைசியில் ஒரு பல்லை முழங்கையில் வைத்து இழுத்துப் பார்த்தார். முடி சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தது.

"பார்த்தியா? கம்பெனிக்காரன் மறுபடி பிறந்து வந்தாலும் இப்படித் தீட்ட மாட்டான்."

நாலாம் நாள் காலையில் பட்டையை மாட்டி, பாதியில் நின்ற பத்தாவது பலகையில் விட்டார். பழைய வெட்டு முடியும் வரைக்கும் சத்தமில்லாமல் போனது. மீசையைத் தடவக் கையைத் தூக்கினார். பழைய வெட்டு முடிந்து புது மரத்தில் பல் பட்டதுதான் தாமதம், மரம் அலறியது. புகை கிளம்பியது. பட்டை நீலமாகி, துப்பாக்கி வெடித்த மாதிரி பட்டென்று அறுந்து, இரும்பு மூடிக்குள் சுருண்டு விழுந்தது. மூடி இல்லாதிருந்தால் ஆள் முகமே இருந்திருக்காது.

மூன்று பேரும் மில்லை விட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றார்கள்.

"பட்டை சொத்தை. கூர்ல குத்தம் இல்ல," என்றார், வெளுத்துப்போன உதட்டோடு.

இரண்டாவது பட்டையை மாட்டினார். அதுவும் அதே இடத்தில் அலறி, புகைந்து, மரத்துக்குள் ஆப்பு அடித்த மாதிரி நின்றது. என்ஜின் செத்தது.

பெண்டாட்டி போய்க் குனிந்தாள். முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்து வெட்டுக்குள் விட்டாள். பழைய வெட்டில் காசு வழுக்கிக்கொண்டு போனது. கருகிய இடம் வந்ததும் நின்றது. அங்கே நகத்தைக்கூட நுழைக்க முடியவில்லை.

"ஏங்க, முன்னாடி அகலமா வெட்டியிருக்கு. இப்ப நூல் மாதிரி வெட்டியிருக்கு. பட்டை நகர இடமே இல்லையே! அந்தக் கோணலை எடுத்ததாலதான் இப்படியோ?"

அவர் போனை எடுத்தார்.

"பல்லை என்ன பண்ணீங்க?" என்றார் மில் விற்றவர்.

"நேராக்கினேன்."

"எத்தனை பல்லை?"

"எல்லாத்தையும்."

"புதுப் பட்டையில?"

"அதுலயும்."

சலூன்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஐயா," என்றது அந்தக் குரல், சாவு வீட்டில் பேசுகிற மாதிரி. "அது அடிபட்டதில்ல. வேணும்னுதான் சாய்ச்சு வச்சிருக்கு. பல்லு ரெண்டு பக்கமும் சாஞ்சு அகலமா வெட்டினாத்தான் பட்டை போக வழி. அன்னைக்கே சொல்ல வந்தேன், போனை வச்சிட்டீங்க. புதுசு வர பத்து நாள் ஆகும்."

சலூன்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எந்த வேலையில் தன்னை மிஞ்ச ஆள் இல்லையென்று இருந்தாரோ, அதே வேலையால் அக்கா தலையில் மண் விழுந்துவிட்டது.

"பல்லு இருந்தா எல்லாம் சீப்புன்னு நினைச்சியாடா?" என்று ஆரம்பித்த அக்காவுக்குக் குரல் பாதியிலேயே இறங்கியது. "நாளை மறுநாள் மழைடா. அந்தத் தார்ப்பாய் ஒரு மணி நேரம் தாங்காது. நான் எங்கடா போவேன்?"

அவள் அப்படிக் கேட்டு அவர் ஆயுசில் கேட்டதில்லை. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பார்.

எழுந்து மறுபடி போன் போட்டார். "எவ்வளவு சாய்க்கணும்? அளவைச் சொல்லுங்க."

"ரெண்டு விசிட்டிங் கார்டு கனம். கையால பண்ணா பல்லு உடையுமே ஐயா..."

"உடைஞ்சா உடையட்டும்."

மூடிப்போன சலூனின் கார்டுகள் அவர் பையில் இன்னும் ஒரு கட்டு கிடந்தன. இரண்டை எடுத்துச் சேர்த்து ஒட்டி, அளவாக வைத்துக்கொண்டார். அக்கா மூன்றாவது பட்டையை இறுக்கிப் பிடித்தாள். பெண்டாட்டி "இடது... வலது... நேர்..." என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் குறட்டால் வளைத்தார். நேராக இருக்கிற ஒன்றைக் கோணலாக்கக் கை முதலில் மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். ஒருமுறை நேராக்கிய இரும்பு இல்லையா, சில பற்கள் டிக்கென்று ஒடிந்தன. முடித்தபோது பதினோரு பல் போயிருந்தது.

"உன் வாயில போனதைவிடக் கம்மிதான்," என்றாள் அக்கா.

வெட்டில் சிக்கிக் கருகிய பட்டையை ஆப்பு அடித்து எடுத்து எறிந்துவிட்டு, இதை மாட்டினார். கருகிய இடத்தை நெருங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அலறல் வரவில்லை. புகை வரவில்லை. மரத்தூள்தான் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கண்ணைத் திறந்தபோது பலகை முழுசாகப் பிரிந்து கிடந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார், மறுபடி தடவினார். ஒடிந்த பற்கள் விட்ட கீறல், பலகை முழுக்கச் சாய்வாக ஓடியது.

பொழுது சாய்வதற்குள் பதினைந்து பலகையும் வந்துவிட்டது. மறுநாள் காலை ஆட்கள் ஏறி அடித்தார்கள், மேலே தகரம் போட்டார்கள். அதற்கடுத்த நாள் மழை கொட்டியது. பின்கட்டில் ஒரு சொட்டு இல்லை. அக்கா கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் போட்டு, காலை நீட்டிப் படுத்தாள்.

"மேல பாரேன், எத்தனை கோடு! அத்தனையும் சாஞ்சிருக்கு. உனக்குத் தூக்கம் வராதுடா."

அவர் மேலே பார்க்கவே இல்லை. போன் அடித்தது. மில் விற்றவர்.

"என்ன ஐயா ஆச்சு? கூரை ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு தம்பி."

"மீதிப் பட்டையெல்லாம்?"

"ரெண்டு இன்னும் நேராத்தான் கிடக்கு," என்றார் சலூன்காரர். "சாக்கைப் போட்டு மூடி வச்சிருக்கேன். பார்க்கவே பயமா இருக்கு."