ரோட்டில் நின்று ட்ரெபிள் குறைத்தது

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் கிட்டார். கீபோர்டு வாசிப்பவர்தான் குழுவுக்குத் தலைவர், எல்லாருக்கும் அண்ணன். குளத்தூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு வேனில் போகும்போது, முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னார்:

"மொதப் பாட்டோட கிட்டார் ஆரம்பம் ரெக்கார்டுல இருக்குற மாதிரி பளிச்சுன்னு வரணும்மா. வரலன்னா நாளையிலேர்ந்து கிட்டாரையும் நானே கீபோர்டுல பாத்துக்கிறேன்."

பத்து வருஷமாக விரல் நுனி காய்த்துப்போனவளிடம் சொல்கிற பேச்சா இது? அதற்காக ஏற்கெனவே மூன்று நாள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒலியைப் பிடித்து வைத்திருந்தேன். கெய்ன் மூன்று, அடிக்கனத்துக்குப் பாஸ் நான்கு, மிட் ஐந்து, கூர்மைக்கு ட்ரெபிள் ஏழு. என் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்பின் குமிழ்களுக்குப் பக்கத்தில் மார்க்கரால் கோடும் போட்டிருந்தேன்.

நாலு மணிக்குச் சவுண்டு டெஸ்ட். கோட்டில் வைத்து வாசித்தேன். அப்படியே ரெக்கார்டு! அண்ணன்கூடத் தலையாட்டினார். ஆனால் கீழே ரோட்டில் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ரோட்டுக்கு ஓடினேன். இந்த ஊர் விழாக் கமிட்டிக்குக் கடைசி வீடு வரைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டினால்தான் திருவிழா. ஆம்புக்கு முன்னால் இருக்கும் மைக் வழியாகத்தான் என் கிட்டார் ஊருக்குப் போகிறது. மைக்செட்காரருக்குப் போன் போட்டேன். "மேடையில ஏறி, என் கிட்டார்ல எல்லாக் கம்பியையும் ஒருக்கா இழுத்து விடுங்க."

தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி வந்தது. குழாய்க்கு ஏற்கெனவே கீச்சுக் குரல், அதில் ட்ரெபிளை ஏழில் வைத்திருக்கிறேன். மடச்சி!

"ட்ரெபிளைக் குறைங்க. இன்னும். இன்னும்."

மூன்றில் நின்றது. கெய்னையும் ஒரு புள்ளி இறக்கி, பாஸை ஆறுக்கு ஏற்றச் சொன்னேன். இப்போது புளியமரத்துக் குழாயிலிருந்து வந்தது, நான் மூன்று நாள் தேடிய அதே ஒலி.

மேடைக்கு வந்து வாசித்ததும் அண்ணன் கத்தினார். "என்னம்மா இது, பானைக்குள்ள வச்சு வாசிக்கிற மாதிரி இருக்கு? பழையபடி வையி!"

"இங்கிட்டு நின்னு கேக்காதீங்கண்ணே. ரோட்டுல போயிக் கேளுங்க."

"எனக்கென்ன காது அவிஞ்சா போச்சு?" அவர் விரல் கீபோர்டில் கிட்டார் ஒலிக்கான பட்டனுக்குப் போயிற்று.

"கேட்டுட்டு வாங்க. நல்லா இல்லன்னா கிட்டாரை உறையில போட்டுட்டு நான் பஸ் ஏறிடுறேன்." கோபத்தில் வாயை விட்டுவிட்டேன். விட்டது விட்டதுதான்.

விறுவிறுவென்று இறங்கிப் போனார். அந்த ஆரம்பத்தை எட்டுத் தடவை வாசித்தேன். அவர் புளியமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு மைக்செட்காரரின் போன் அடித்தது. மறுமுனையில் அண்ணன். "என் கீபோர்டுல நாலு கட்டைய அமுக்குங்க."

அவர் அமுக்கினார். புளியமரத்துக் குழாயிலிருந்து அதே தகரச் சத்தம் மேடை வரைக்கும் கேட்டது.

திரும்பி வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. மைக்செட்காரரிடம் கேட்டார். "இத்தன வருஷமா என் கீபோர்டு வெளியில இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாண்ணே. சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு..." என்று இழுத்தார் அவர்.

அண்ணன் கீபோர்டை விட்டு விலகி, தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கும் சரி பண்ணிக் குடும்மா."