குடைக்காரர்கள் எந்தப் பெட்டியில்?

ஒரு வெள்ளைக்கார ராக் குழுவை எந்தச் செருப்புப் பெட்டியில் வைப்பது என்கிற விஷயத்தில் நான் மாற்றி ஓட்டுப் போட்டதால்தான் என் மாமா வீட்டை விட்டுப் போனார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம். ஒன்பது வயதில் ஒரு மனிதன் வீட்டை விட்டுப் போவதற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் யாராவது என் கருத்தைக் கேட்டால் முதலில் கேட்டவர் பையைக் கட்டுகிறாரா என்று பார்ப்பேன். கருத்து பிறகுதான் வரும்.

பம்பாய் தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. அதற்குள்ளேயே இரும்பு ஏணி போட்டு ஏறும் பலகைத் தட்டு ஒன்று. கீழே அப்பா, அம்மா, அடுப்பு, பீரோ. மேலே மாமா, அண்ணன், நான், ஒரு டேப் ரெக்கார்டர். மாமா அம்மாவின் தம்பி. விக்ரோலியில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். அண்ணன் சயானில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். தட்டில் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. அதனால் அங்கே நடந்த சண்டைகள் எல்லாமே உட்கார்ந்த சண்டைகள்.

கேசட்டுகள் மாமாவுடையவை. பட்டறையில் கூட வேலை பார்த்த பாந்த்ராக்காரர் ஒருவர் பதிவு செய்து, அட்டைப் படத்தையும் ஜெராக்ஸ் எடுத்துச் செருகிக் கொடுத்தது. தெருவில் எல்லா வீட்டிலும் தமிழ்ப் பாட்டு ஓட, எங்கள் தட்டிலிருந்து மட்டும் யாரையோ கழுத்தை நெரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். “அந்த மனுசனுக்கு யாராவது தண்ணி குடுங்களேன்” என்று கீழேயிருந்து அம்மா கத்துவாள்.

எங்கள் தெருவில் செருப்புப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. காலி அட்டைப் பெட்டிகள் மூன்றைக் கொண்டுவந்து, இரும்பில் கோடு போடும் சாக்கட்டியால் ஹார்ட் ராக், ஹெவி மெட்டல், ப்ராக்ரெஸிவ் என்று மாமா எழுதினார். எழுதியதோடு எங்கள் வீட்டின் நிம்மதி போயிற்று. ஏனென்றால் ஒவ்வொரு குழுவையும் ஏதாவது ஒரு பெட்டியில் போட்டாக வேண்டும். அண்ணன் கையில் சயான் ஸ்டேஷன் நடைபாதையில் வாங்கிய அட்டை கிழிந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்று இருந்தது. மாமாவிடம் டீ இருந்தது.

“பாட்டு முடியுமுன்ன டீ ஆறிப்போச்சுன்னா அது ப்ராக்ரெஸிவ்ல. டீய வாயில வைக்க விடாம உலுக்குச்சுன்னா மெட்டல். தலைய ஆட்டிக்கிட்டே குடிக்கலாம்னா ஹார்ட் ராக். இவ்வளவுதாம்.”

“மாமா, இது டீக்கடைக் கணக்கு. கித்தார் எவ்வளவு கரகரன்னு இருக்கு, ப்ளூஸ்லேருந்து வந்த பாட்டா, அதத்தான் பாக்கணும்.”

“ப்ளூஸுன்னா என்னல?”

“சோகமா இருக்கும்.”

“அப்பம் ஒங்க அப்பா குளிக்கும்போது பாடுததும் ப்ளூஸாக்கும்?”

கீழே அப்பா இருமுவார்.

பெரிய தகராறு ஒரே ஒரு குழுவால் வந்தது. அட்டையில் அவர்கள் பெயர் கொடி மாதிரி சுருண்டு கிடந்ததால் எங்கள் மூவருக்குமே படிக்க வரவில்லை. வயல் நடுவே மூன்று பேர் குடை பிடித்து நிற்கும் படம். ஆகவே குடைக்காரர்கள். அவர்களுடைய முதல் இரண்டு கேசட்டிலும் இடி இடித்தது. மூன்றாவதில் புல்லாங்குழல், ஆர்கன், ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. மாமாவின் டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

ஒரு குழு என்றால் ஒரு பெட்டிதான், பிறந்த இடத்தில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி எதற்கு என்றான் அண்ணன். ஒவ்வொரு கேசட்டையும் அதனதன் பெட்டியில் போட வேண்டும் என்றார் மாமா.

“ஆளு மாறுவாம்ல. முன்ன மெட்டலா இருந்தவன் சாவுத மட்டும் மெட்டலாவே இருக்கணுமா?”

“பேரு ஒண்ணுதான மாமா?”

“பேரு ஒண்ணுதாம். ஆளு வேற.”

இப்படி முட்டிக்கொண்டால் என் ஓட்டுதான் முடிவு. நான் எப்போதும் மாமா பக்கம். இசை ஞானத்தால் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கித் தந்தவர் அவர். எனக்குப் பள்ளியிலும் தெருவிலும் பெரிதாகக் கூட்டாளிகள் கிடையாது. என்னை ஒரு ஆளாக மதித்துக் கேள்வி கேட்ட இடம் உலகத்திலேயே அந்தத் தட்டு ஒன்றுதான்.

ஆனால் கொஞ்ச நாளாக மாமா வேலை நாளில்கூட இஸ்திரி போட்ட பேண்ட் மாட்டிக்கொண்டு தனியாக எங்கோ போய் வந்துகொண்டிருந்தார். மாட்டுங்கா நின்றுபோயிற்று. ஒருநாள் ஏணியடியில் மறித்து, “எங்க மாமா போறிய?” என்று கேட்டேன். அம்மா என் மண்டையில் ஒன்று வைத்தாள்.

“வெளிய கெளம்புதவங்கள எங்கன்னு கேக்காதன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்? போற காரியம் வெளங்குமால?”

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அந்தக் குட்டு எனக்கு உள்ளே கிடந்து புகைந்தது. அன்று சாயங்காலம் குடைக்காரர்களுக்கு ஓட்டெடுப்பு வந்தபோது, “அண்ணன் சொல்லுததுதான் சரி” என்றேன்.

அண்ணனே நம்பவில்லை. மாமா திட்டுவார், கெஞ்சுவார், டீயை வைத்து மறுபடி வாதாடுவார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார்.

“போதும்ல. முடிஞ்சு போச்சு. இனிம பெட்டிக்கு நீங்க ரெண்டு பேருந்தாம் பொறுப்பு.”

மூன்றாவது கேசட்டைத் தானே மெட்டல் பெட்டியில் வைத்துவிட்டு ஏணியில் இறங்கினார்.

மறுநாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது மாமாவின் பை இல்லை. ஆணியில் பேண்ட் இல்லை. சோப்பு டப்பா இல்லை. பெட்டிகள் மூன்றும் அப்படியே இருந்தன. வேலையாக வெளியூர் போயிருக்கிறான் என்றாள் அம்மா, வீங்கிய கண்ணோடு. ஊருக்குப் போயிருக்கிறார் என்றான் அண்ணன். வருவான் போ என்றார் அப்பா. ஒரு கேள்விக்கு மூன்று பதில் வந்தால் மூன்றும் பொய் என்கிற அளவு எனக்கு அறிவிருந்தது. உண்மை எனக்கு மட்டுமே தெரியும். நான்தான் துரத்திவிட்டேன்.

முதல் வேலையாக மூன்றாவது கேசட்டை ப்ராக்ரெஸிவ் பெட்டிக்கு மாற்றிவிட்டு ஏணியடியில் உட்கார்ந்தேன். மாமா வரவில்லை. மாற்றிய செய்தி அவருக்குத் தெரிந்தால்தானே வருவார்? சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் சயானில் டிக்கெட் இல்லாமல் ரயிலேறி விக்ரோலிக்குப் போனேன். வழியெல்லாம் மன்னிப்புப் பேச்சு ஒத்திகை. எதிர் இருக்கைக்காரர் எனக்கு ஏதோ நோய் என்று நினைத்துக் காலை இழுத்துக்கொண்டார்.

பட்டறை முதலாளி மேலப்பாளையத்துக்காரர், எல்லோருக்கும் பாய். பெட்டி, குடை, ஓட்டு, குட்டு எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார்.

“பாட்டுக்குப் போயி எவனாவது வீட்ட விடுவானால? அவன் கணக்க முடிச்சுட்டுல்லா…”

அதோடு வாயை மூடிக்கொண்டார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஒரு ஆளைத் துணைக்கு அனுப்பித் திருப்பி ரயிலேற்றிவிட்டார்.

வேலையையும் விட்டுவிட்டாரா! என் ஒற்றை ஓட்டு ஒரு மனிதனின் வீட்டைப் பறித்து, வேலையையும் பறித்துவிட்டது. இன்னொரு ஓட்டு போட்டால் ரயிலே கவிழ்ந்துவிடும் என்று பயந்து, துணைக்கு வந்தவர் “ஜன்னல் பக்கம் உக்காருதியா?” என்று கேட்டதற்குக்கூட நான் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால், நான் போனதே யாருக்கும் தெரியவில்லை. எங்கே போயிருந்தாய் என்று கேட்க ஆளில்லை. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கிய அரிசியையே மறுபடி பொறுக்கினாள்.

அண்ணனிடம் போனேன். “அண்ணே, அது ப்ராக்ரெஸிவ்தாம்.”

“சரி” என்றான்.

அவ்வளவுதான். பத்திரிகையைப் புரட்டவில்லை, கித்தார் கரகரப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு அவன் காலேஜுக்குப் போன நேரங்களில் நானே தட்டில் ஏறி, மாமாவின் மூலையில் உட்கார்ந்து மாமாவாகப் பேசினேன். அண்ணனின் மூலைக்குத் தவழ்ந்து போய் அண்ணனாக எதிர்த்தேன். நடுவில் வந்து நானாக ஓட்டுப் போட்டேன். மாமாதான் ஒவ்வொரு தடவையும் ஜெயித்தார். “மாமா, செயிச்சிட்டிய” என்று அந்த மூலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஏணியில் காலடி கேட்கிறதா என்று காது கொடுப்பேன்.

ஒருநாள் காலையில் தெருமுனைப் பலசரக்குக் கடையிலிருந்து போன் வந்திருப்பதாக ஆள் வந்தது. வீடே ஓடியது. அம்மா பேசினாள், அழுதாள், சிரித்தாள். அப்பா பேசினார். அண்ணன் பேசினான். கடைசியில் ரிசீவரை என் காதில் வைத்தார்கள்.

“மாமா, குடைக்காரங்கள ப்ராக்ரெஸிவ்ல மாத்தி வச்சிட்டேன். வந்திருங்க.”

கம்பியில் இரைச்சல். பிறகு மாமா குரல்.

“எதல மாத்தி வச்ச?”

“மூணாவது கேசட்ட.”

“எந்தக் கேசட்டு?” என்று கேட்டார். “நல்லா படிக்கியா?” என்றார். அதற்குள் அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

மாமா சவூதியில் தம்மாமுக்கு வெல்டர் வேலைக்குப் போயிருந்தார். நான் ஓட்டுப் போட்ட அன்றைக்கே விசா, டிக்கெட் எல்லாம் கைக்கு வந்தாகிவிட்டது, மறுநாள் விமானம். எனக்கு நினைவு தெரியாத காலத்தில் ஒருமுறை, ஏஜென்ட் கொடுத்த விசா போலி என்று ஏர்போர்ட்டில் திருப்பி அனுப்பிவிட, தெருவே மாலை போட்டு வழியனுப்பியவர் அன்றே அதே தெரு வழியாக நடந்து வந்திருக்கிறார். அதனால் இந்தத் தடவை போய்ச் சேர்ந்து போன் வரும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அவருக்கு முதல் லீவு கிடைத்தபோது ஊருக்குப் பக்கமாகத் திருவனந்தபுரத்திலேயே போய் இறங்க விமானம் இருந்தது. மாமா அதில் போனார். பம்பாய்க்கு அவர் திரும்ப வரவில்லை.