இரண்டாவது ஊசி

நர்ஸ் வேலையில் ஊசி போடுவது சுலபம். போட்டுக்கொள்ள ஒரு கையைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. எண்பதுகளில் நீலக்கரைச் சேலையைக் கட்டி, தோளில் பையை மாட்டிக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையப் பயிற்சி என்ற பெயரில் ஊர் ஊராக வெயிலில் அலைந்தவர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்கும் நடந்திருக்கும். என்னைப் போட்டது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். கூடப் படித்த கமலாவும் வந்தாள். எங்களுக்கு மேலே டியூட்டர் மேடம். மேடத்துக்கு மேலே வெயில்.

ஓட்டம்

கர்ப்பிணிகளைத் தேடிப் பிடித்து டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். ஒரு மாதம் விட்டு இரண்டு முறை; இரண்டும் போட்டால்தான் பிறக்கும் பிள்ளைக்குக் காப்பு. முதல் நாள் நாங்கள் தெருவில் நுழைந்ததும் பெண்கள் அத்தனை பேரும் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லைக்குள் ஓடிவிட்டார்கள். தெருவில் மிஞ்சியது நாங்களும் கோழிகளும்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரிச் சேலையில் அதுவரை அந்த ஊருக்கு வந்தவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கத்தான் வந்திருந்தார்கள். கொல்லைக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஏ கெழவி, நீ இன்னாத்துக்குடி ஓடியார? ஒனக்கு அறுக்கறதுக்கு இன்னா இருக்குது?"

பேப்பர்

ஓட முடியாமல் நின்றவள் அஞ்சலை. ஆறு மாதக் கர்ப்பிணி, என் வயதுதான். அவள் வீட்டுக்குள் போனோம். எங்கள் படிப்பில் பைக்கு ஒரு ஆசாரம் உண்டு, மறந்திருக்க மாட்டீர்கள். பையைத் தரையில் வைக்கக் கூடாது, செய்தித்தாள் விரித்து அதன் மேல்தான் வைக்க வேண்டும், கை கழுவாமல் திறக்கக் கூடாது. மேடம் வாசலில் நின்று பார்க்கிறாரே என்று கமலா பேப்பரை நாலு மூலையும் இழுத்து விரித்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

அதைப் பார்த்த அஞ்சலையின் கணவன் ஏழுமலையும் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, பேப்பருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாங்கள் பையிலிருந்து எவர்சில்வர் ஊசி டப்பாவை எடுத்ததும் அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"இவ்ளோ மரியாதையா பேப்பர விரிச்சிட்டு, வெறும் ஊசிதானா?"

வாய்

ஊசி என்றதும் மாமியார் முனியம்மா கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றுவிட்டார். அது கருவைக் கலைக்கும் மருந்து என்பது அவர் முடிவு. பிறகு அவர் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு போன நேரம் பார்த்து, அஞ்சலை தன் முதல் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். வீட்டிலேயே பிறந்தது. கதிர் அறுக்கும் அருவாளில் தொப்புள்கொடியை அறுத்து, புண் ஆறட்டும் என்று வறட்டிச் சாம்பல் வைத்திருக்கிறார்கள். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை ஏழாம் நாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. பிறகு உடம்பு பின்பக்கமாக வளைந்தது. இவளுக்கு மார்பில் பால் கட்டி வலித்துக்கொண்டிருக்கும்போதே அது போய்விட்டது.

வகுப்பில் இதையெல்லாம் 'நோய் அறிகுறிகள்' என்று மனப்பாடம் செய்திருந்தேன். இது சாமி குத்தமில்லை, கிருமி என்றேன். அருவாளைக் கொதிக்கவைக்கச் சொன்னேன், சாம்பல் வேண்டவே வேண்டாம் என்றேன். அஞ்சலை ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு கேட்டாள்.

"இத்தப் போட்டுக்கினா, இந்தப் புள்ள வாயத் தொறக்குங்களா?"

அமாவாசை

முதல் ஊசி போட்டாகிவிட்டது. இரண்டாவது ஊசிக்கு மேடம் குறித்த நாள் அமாவாசையாக இருந்தது. எங்களுக்கு அந்த ஊரில் அதுதான் கடைசி நாளும். அமாவாசையன்று அந்தப் பக்கத்து பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குத்தான் போகும் என்று மேடத்துக்கு யார் சொல்வது? அவர் மதுரைக்காரர்.

மருந்தும் ஐஸும் போட்ட பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கமலாவும் நானும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். எங்கள் கிராமத்துக்குப் போக வேண்டிய பஸ்ஸிலும் பலகையை மாற்றிவிட்டார்கள். உச்சி வெயிலில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. முழுக்கக் கரைந்துவிட்டால் மருந்தைக் கொட்டிவிட வேண்டும், அது மேடத்தின் சட்டம். வழியிலாவது இறக்கிவிடுங்கள் என்று ஒரு கண்டக்டரிடம் கெஞ்சிக்கொண்டே படியில் காலை வைத்தேன்.

"ஆத்தாளப் பாக்கப் போறவங்களுக்கே எடமில்ல, நீ ஊசி போடப் போறேன்னு பேஜாரு பண்ணிக்கினு இருக்கியே, ஜல்தியா எறங்கும்மா!"

டார்கெட்

மருந்தைக் கொட்டினோம். மறுநாளே எங்களை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்பும் முன் அந்த வட்டாரத்து ஹெல்த் நர்ஸ் அக்காவைத் தேடிப்போய், அஞ்சலைக்கு இன்னும் ஒரே ஒரு ஊசிதான் பாக்கி, எப்படியாவது போட்டுவிடுங்கள் என்றேன். அக்கா கெட்டவர் இல்லை. கால் வீங்க வீங்க ஊர்களை நடந்தே சுற்றுகிறவர். ஆனால் ஆபரேஷனுக்கு ஆள் சேர்க்காவிட்டால் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டுவார்கள். ஊசிக்கு அப்படி யாரும் திட்டுவதில்லை.

"ஊசி கேஸ யாரும்மா கேக்கறாங்க? ஆபரேஷன் கேஸு ரெண்டு புடிச்சாந்து குடு, நான் ஓடிப்போய்ப் போட்டுட்டு வர்றேன்."

வளையல்

விழுப்புரத்தில் எனக்குக் குழந்தைகள் வார்டு. அதன் கடைசியில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய அறை ஒன்று இருந்தது. டெட்டனஸ் வந்த பிள்ளைகளை அங்கேதான் வைப்போம். வெளிச்சமோ சத்தமோ பட்டால் இழுப்பு வந்துவிடும். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை முனியம்மாவும் அஞ்சலையும் ஒரு பெண் குழந்தையோடு வந்து நின்றார்கள். அதன் வாய் இறுக மூடியிருந்தது. அருவாளைக் கொதிக்கவைத்தார்களாம். பிறகு முனியம்மா, பேத்திக்குப் புண் சீக்கிரம் ஆற வேண்டுமே என்ற ஆசையில், சாம்பலும் வைத்தாராம். அமாவாசையன்று அஞ்சலை கோயிலுக்குக்கூடப் போகாமல் எங்களுக்காகக் காத்திருந்தாள் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அஞ்சலை கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். பிள்ளையிடம் குனியும்போதெல்லாம் அவை குலுங்கின, ஒவ்வொரு குலுங்கலுக்கும் பிள்ளை விறைத்தது. கழற்றச் சொன்னேன். புருஷன் உயிரோடு இருக்கும்போது வளையலைக் கழற்றுவதா என்று முனியம்மா கொதித்துப்போனார். அந்த அறையில் சண்டையும் போட முடியாது. கட்டுப் போடும் காஸ் துணியை எடுத்து, இரண்டு கை வளையல்களையும் சேர்த்துச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பேசாதே, அழாதே, அழுதால் பிள்ளைக்கு ஆகாது என்றேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கட்டுப் போட்ட கைகளோடு இருட்டில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வெளியே போனார். நான் ஜன்னலின் கறுப்புத் துணியை விலக்கினேன். பிள்ளையின் முகத்தில் வெயில் விழுந்தது. அது அசையவில்லை. அஞ்சலை சத்தமில்லாமல் எழுந்து வந்து, காஸை அவிழ்க்கச் சொல்லி இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள்.

"இப்ப அழலாங்களா, நர்ஸம்மா?"

அந்த வருஷப் பரீட்சையில் டெட்டனஸைத் தடுப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். நான் நன்றாகவே எழுதிப் பாஸாகிவிட்டேன்.