இரண்டாவது கேக் துண்டு

ஸ்ட்ராட்ஃபோர்டில் கறிக்கடை வைத்திருந்த பெர்சிக்கு, ஊரின் பெருமையான அந்த நாடகாசிரியர் என்றாலே எட்டிக்காய். "செத்து நானூறு வருஷமாச்சு, இன்னும் பொறந்தநாள் கொண்டாடுறானுங்க!" என்று ஏப்ரலில் பூ ஊர்வலம் வரும்போது கடைக்கதவைச் சாத்திவிடுவார். ஆனால் மனைவி மேவிஸ் இரண்டாவது கேக் துண்டுக்குக் கை நீட்டினால் போதும், "வீட்டையே தின்னு தீர்த்துட்டியேடி!" என்று ஆரம்பித்துவிடுவார்.

அவர் காலமாகி வீடே வெறிச்சோடிய பிறகு, பக்கத்து வீட்டுக்காரி மேவிஸை முதன்முறையாக அந்த நாடகாசிரியரின் நாடகத்துக்கு இழுத்துப் போனாள். மேடையில் ஒருத்தி, ஓசிச் சாப்பாட்டுக்காரன் ஒருவனைப் பார்த்து அதே வசனத்தைச் சொன்னாள். அரங்கமே சிரித்தது. மேவிஸுக்குக் கேட்டது பெர்சியின் குரல்.

அந்த ஏப்ரலில் அவளும், மறைந்தவர் நினைவுக்கென்று ஏந்தும் ரோஸ்மேரிக் கொத்தோடு ஊர்வலத்தில் நடந்தாள். எல்லோரும் நாடகாசிரியரின் சமாதி இருக்கும் தேவாலயத்துக்குள் நுழைய, அவள் மட்டும் வரிசையை விட்டு விலகி ஊர்க் கல்லறைக்குப் போய், கொத்தைப் பெர்சியின் கல்மேல் வைத்தாள்.

"காலமெல்லாம் அந்த ஆளைத் திட்டிட்டு, அவன் எழுதினதையே பேசியிருக்க. அது கிடக்கட்டும். நான் தின்னது ஒரு துண்டு கேக்குய்யா. வீட்டையே தின்னுட்டுப் போனது நீதான்."